தம்பிக்குக் கெட்டமைன் கொடுக்கலாமா?

கேள்வி:

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. தஞ்சாவூர்ப் பக்கம் கிராமம். என் தம்பிக்கு 43 வயது, கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. மூன்று வருடமாக டிப்ரஷன் என்று வைத்தியம் பார்க்கிறோம். இதுவரை மூன்று விதமான மாத்திரை மாற்றியாகிவிட்டது. நடுவில் கொஞ்சம் தேறினாலும் நிலைக்கவில்லை. ஐப்பசியிலிருந்து வேலைக்குப் போகவில்லை. குளிக்கச் சொன்னால்தான் குளிக்கிறான். போன மாதம் எங்கள் அம்மாவிடம், 'நான் இல்லாவிட்டால் உங்களுக்கெல்லாம் பாரம் குறையும்' என்று சொல்லியிருக்கிறான். அவனைப் பார்க்கிற டாக்டர், கெட்டமைன் என்ற மருந்தை டிரிப்ஸில் ஏற்றிப் பார்க்கலாம், இல்லையென்றால் ஷாக் வைக்கலாம் என்கிறார். பெங்களூரில் இருக்கும் என் மகன், 'அது பார்ட்டியில் பசங்க மூக்கில் இழுக்கிற போதைப் பொடி, மாமாவுக்குப் போடவே கூடாது' என்று சண்டை போடுகிறான். அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா மகனோ, அங்கே இதை மாத்திரையாகத் தபாலிலேயே அனுப்புகிறார்கள், தானே வாங்கி அனுப்புகிறேன் என்கிறான். தம்பிக்கு பி.பி. மாத்திரை ஓடுகிறது. முன்பு குடிப்பழக்கம் இருந்தது; பத்து வருடமாக இல்லை. தம்பி மனைவி பயந்துபோய் இருக்கிறாள். இது மருந்தா, போதையா? பழகிவிடுமா? இன்னும் சோதனையில் இருப்பதை என் தம்பி மேல் போட்டுப் பார்க்கிறார்களா? நாங்கள் என்ன முடிவெடுப்பது?

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு,

கெட்டமைனைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் ஒரு விஷயம். 'நான் இல்லாவிட்டால் உங்களுக்கெல்லாம் பாரம் குறையும்' என்று உங்கள் தம்பி சொன்னதை ஏதோ சலிப்பில் வந்த பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். நீங்களோ அவர் மனைவியோ பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேளுங்கள்: 'சாகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா?' இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது. கேட்டுவிட்டார்களே என்று பாதிச் சுமையை இறக்கி வைத்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். வயலுக்கு வாங்கி வைத்த பூச்சி மருந்து வீட்டிலோ மோட்டார் கொட்டகையிலோ இருந்தால் இன்றைக்கே வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். எல்லா மாத்திரையும் மனைவி கையில் இருக்கட்டும். அன்றன்றைக்கு உள்ளதை மட்டும் எடுத்துக் கொடுக்கட்டும். 'ஆமாம், யோசித்து வைத்திருக்கிறேன்' என்று அவர் சொன்னால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே டாக்டரிடமோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அழைத்துப் போங்கள். இரவு நேரமானால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, இல்லையென்றால் 104. தமிழிலேயே பேசலாம்.

சரி, மருந்துக்கு வருகிறேன்.

நான் கெட்டமைனை முதலில் பார்த்தது மனநல வார்டில் இல்லை. ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது, தீக்காய வார்டில். ஆறு வயதுப் பெண் குழந்தை. தீபாவளிப் பட்டாசில் பாவாடை பற்றிக்கொண்டுவிட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்ற வேண்டும். வண்டி உருண்டு வரும் சத்தம் கேட்டாலே அலற ஆரம்பித்துவிடுவாள். மயக்க மருந்து டாக்டர் ஒரு சின்ன ஊசி போட்டார். ஒரு நிமிஷத்தில் அழுகை நின்றது. ஆனால் கண் மூடவில்லை. கருவிழி மட்டும் பக்கவாட்டில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. மூச்சு சீராக வந்தது. சிஸ்டர் ஒட்டிப்போன துணியை உரித்து எடுத்தபோது அவள் எங்கள் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அதில் எதுவுமே அவளைத் தொடவில்லை. அரை மணி நேரம் கழித்து நினைவு வந்ததும், 'பலூன் எங்கே?' என்று கேட்டாள். அந்த அறையில் பலூன் எதுவும் இல்லை.

வலியையும் உடம்பையும் மனசிலிருந்து தற்காலிகமாகக் கழற்றி வைக்கிற மருந்து இது. 1962-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், பார்க் டேவிஸ் கம்பெனிக்காகக் கால்வின் ஸ்டீவன்ஸ் என்ற வேதியியலாளர் உருவாக்கினார். 1964-ல் எட்வர்ட் டோமினோ என்ற மருந்தியல் பேராசிரியர் மிச்சிகனில் சிறைக் கைதிகளில் சம்மதித்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். வானத்தில் மிதப்பது போல இருந்தது, கை கால் எங்கே போனதென்றே தெரியவில்லை என்று சொன்னார்கள். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது, தொடர்பு விட்டுப்போகிற மயக்கம் என்ற பொருளில் வரும் சொல்லை எடுத்துக் கொடுத்தவர் டோமினோவின் மனைவி டோனி. இன்றைக்கும் மயக்கவியல் புத்தகங்களில் அந்தப் பெயர்தான். 1970-ல் அமெரிக்க அரசு அனுமதித்தது. வியட்நாம் போர்க்களத்தில் காயம்பட்டவர்களுக்குப் போட்டார்கள். மற்ற மயக்க மருந்துகள் போல மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் சட்டென்று கீழே இழுக்காது என்பதால், பெரிய வசதி இல்லாத இடத்திலும் நம்பிப் பயன்படுத்த முடிந்தது. 1985 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. நம் ஊர் ஆபரேஷன் தியேட்டர்களில் இது பழைய, பழகிய மருந்து.

மகனும் தப்பாகச் சொல்லவில்லை. அந்தக் கழன்றுபோகிற அனுபவத்தையே தேடி இதை மூக்கில் இழுக்கிறவர்கள் இருக்கிறார்கள். வாரத்தில் பல நாள், வருடக்கணக்கில் இழுத்தால் சிறுநீர்ப்பை புண்ணாகிச் சுருங்கிவிடும். 2007-ல் கனடாவின் டொரன்டோ டாக்டர்கள் இப்படி 9 பேரைப் பற்றி எழுதினார்கள். அதே காலத்தில் ஹாங்காங்கிலிருந்தும் இதே செய்தி வந்தது. கால் மணிக்கு ஒரு தடவை பாத்ரூம், ரத்தம் கலந்த சிறுநீர், தாங்க முடியாத வலி. இருபத்தைந்து வயதுப் பிள்ளைகளுக்கு இந்த நிலை. பழக்கமும் ஆகும். இந்தியாவில் 2011-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலிலேயே இதைச் சேர்த்தார்கள். ஆஸ்பத்திரியில் பூட்டு போட்டு, கணக்கு எழுதித்தான் வைத்திருக்க வேண்டும். உங்கள் மகன் மாமா மேல் இருக்கிற பாசத்தில்தான் சண்டை போடுகிறான். அவனையும் இந்தப் பதிலைப் படிக்கச் சொல்லுங்கள்.

அப்படியானால் டிப்ரஷனுக்கு இது எப்படி வந்தது? 1990களில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் கிரிஸ்டல், டென்னிஸ் சார்னி முதலியவர்கள் மூளையில் குளுட்டமேட் என்ற ரசாயனத்தைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். உங்கள் தம்பி சாப்பிட்ட மாத்திரைகளெல்லாம் பெரும்பாலும் செரடோனின், நார்அட்ரினலின் வழியாக வேலை செய்கிறவை. அவை பலன் காட்ட இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். கெட்டமைன் தொடுவது அந்த வழியை இல்லை, நரம்புச் செல்லில் குளுட்டமேட் வந்து ஒட்டுகிற என்.எம்.டி.ஏ. என்ற இடத்தை. அந்த வழியில் போனால் டிப்ரஷன் மாறுமா என்று பார்க்க, மயக்கத்துக்குப் போடுவதைவிட மிகக் குறைந்த அளவில், உடல் எடையில் கிலோவுக்கு அரை மில்லிகிராம் என்று 40 நிமிஷத்தில் மெதுவாக ஏற்றினார்கள். 2000-ல் வெளியான அந்த ஆய்வை முழுமையாக முடித்தவர்கள் 7 பேர்தான். ஆனால் மூன்று நாளுக்குள் முன்னேற்றம் தெரிந்தது. டிப்ரஷன் வைத்தியத்தில் அதற்கு முன்பு நாங்கள் பழகியிராத வேகம் அது.

7 பேரை வைத்து எதுவும் சொல்ல முடியாது. 2006-ல் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தில் கார்லோஸ் சராட்டேவின் குழு, பல மருந்து சாப்பிட்டும் தேறாதவர்களை வைத்துச் செய்தது. ஒரே ஒரு டோஸ். மறுநாள் 17 பேரில் 71 சதவீதம் பேருக்கு நோயின் கடுமை பாதிக்குக் கீழே வந்திருந்தது. இதை மட்டும் சொல்லி நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். அதே கட்டுரையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது: ஒரு வாரம் முழுக்க அந்த நிம்மதி நீடித்தது 35 சதவீதம் பேருக்குத்தான். உங்கள் வீட்டில் எல்லாரும் மனசில் வைக்க வேண்டியது இந்த இரண்டாவது எண். இது சீக்கிரம் தூக்கி விடும், ஆனால் அந்தப் பலன் தானாக நீடிக்காது.

ஏன் இவ்வளவு வேகம் என்பதற்கு இதே யேலில் ரொனால்ட் டூமன் குழு 2010-ல் எலிகளில் பார்த்த ஒன்று நல்ல விளக்கம். நீண்ட காலம் மன அழுத்தத்தில் இருக்கும்போது நரம்புச் செல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கிற இடங்கள் மூளையின் முன்பகுதியில் குறைந்துபோகின்றன. கெட்டமைன் கொடுத்த ஒரு நாளுக்குள் எலிகளில் அந்த இணைப்புகள் புதிதாகத் துளிர்த்திருந்தன. மனித மூளையில் இதை இப்படித் திறந்து பார்க்க முடியாது. இதுதான் முழுக் காரணம் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் என் நோயாளிகளுக்கு நான் சொல்வது இதை ஒட்டித்தான்: துளிர் விட்டிருக்கிற இந்த சில நாட்களில் சாப்பாடு, தூக்கம், நடை, பேச்சு, விட்டுப்போன வேலையில் ஒரு துண்டு என்று ஏதாவது தொடங்கிவிட வேண்டும். மருந்து ஏற்றிவிட்டு மறுபடி அதே இருட்டு அறையில் படுத்துக்கொண்டால் துளிரும் வாடிவிடும்.

'சோதனையில் இருப்பதைப் போட்டுப் பார்க்கிறார்களா' என்று கேட்டிருந்தீர்கள். ஆசிரியை என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். மருந்து ஆய்வில் ஒரு கூட்டத்துக்கு உண்மை மருந்து, இன்னொரு கூட்டத்துக்கு வெறும் சலைன். யாருக்கு எது என்று யாருக்கும் தெரியக்கூடாது. கெட்டமைனில் இது நடக்கவே நடக்காது. ஐந்தாவது நிமிஷமே கை நீளமாகப் போகிறது, சுவர் அசைகிறது என்றால், தனக்கு எது கிடைத்தது என்று யாருக்குத்தான் தெரியாது? இதனால் 2013-ல் ஜேம்ஸ் மரோ முதலியவர்கள் 73 பேரை வைத்துச் செய்த ஆய்வில் சலைனுக்குப் பதில், தள்ளாட வைக்கிற இன்னொரு தூக்க மருந்தை எதிர்ப்பக்கம் வைத்தார்கள். கெட்டமைனில் 64 சதவீதம் பேர் தேறினார்கள், மற்றதில் 28 சதவீதம். வித்தியாசம் நன்றாகவே இருந்தது.

பிறகு 2023-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு கெட்டிக்கார ஆய்வு நடந்தது. வேறு ஏதோ ஆபரேஷனுக்கு வந்திருந்த, டிப்ரஷனும் இருந்த 40 பேர். முழு மயக்கத்தில் இருக்கும்போதே பாதிப் பேருக்குக் கெட்டமைன், பாதிப் பேருக்கு சலைன். இந்தத் தடவை யாராலும் கண்டுபிடிக்கவே முடியாது. முடிவு என்ன தெரியுமா? இரண்டு கூட்டத்திலும் நிறையப் பேர் நன்றாகத் தேறினார்கள். இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நானும் பலருக்கு இதை ஏற்றியிருக்கிறேன். அப்படியானால் நான் கொடுத்தது நம்பிக்கையை மட்டும்தானா? யோசித்துப் பார்த்து நான் வந்து நிற்கிற இடம் இது: ஒரு சின்ன ஆய்வு, மயக்க மருந்துகள் கலந்த நிலையில் செய்தது, மற்ற ஆய்வுகளையெல்லாம் அழித்துவிடாது. ஆனால் மருந்தோடு சேர்ந்து வருகிற எதிர்பார்ப்பு, நாலு பேர் சுற்றி நின்று கவனிப்பது, இவற்றுக்கும் பலனில் கணிசமான பங்கு இருக்கிறது என்று அது காட்டிவிட்டது. அதனால் நான் இப்போது இந்த மருந்தை அதிசயம் என்று யாரிடமும் சொல்வதில்லை. பலன் தரக்கூடும், தராமலும் போகலாம், நாலைந்து தடவையில் தெரிந்துவிடும் என்கிறேன். உங்கள் டாக்டரும் அந்தத் தொனியில் பேசினால் நல்ல டாக்டர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 'ஒரே ஊசியில் குணம்' என்று சொன்னால் வேறு ஒருவரிடமும் கருத்துக் கேளுங்கள்.

அனுமதி விஷயம்: கெட்டமைனின் ஒரு பாதியான எஸ்கெட்டமைனை மூக்கில் அடிக்கிற ஸ்பிரேயாக, மற்ற மருந்து கேட்காத டிப்ரஷனுக்கு அமெரிக்க அரசு 2019 மார்ச்சில் அனுமதித்தது. அங்கேயும் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டார்கள். மருத்துவமனையிலேயே எடுத்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் கண்காணிப்பில் உட்கார்ந்துவிட்டுத்தான் போக வேண்டும். பிரிட்டனில் எந்த வைத்தியத்துக்கு அரசு செலவழிக்கலாம் என்று சொல்கிற நைஸ் அமைப்பு அதையே பரிந்துரைக்க மறுத்துவிட்டது. நம் ஊரில் டிரிப்ஸில் ஏற்றுகிற சாதாரணக் கெட்டமைன் மயக்க மருந்தாக அனுமதி பெற்றது. டிப்ரஷனுக்குப் போடுவது டாக்டர் தன் பொறுப்பில் எடுக்கிற முடிவு. இது சட்ட விரோதம் இல்லை. உலகமெங்கும் இப்படித்தான் நடக்கிறது. ஆனால் அதை எழுத்தில் விளக்கி, கையெழுத்து வாங்க வேண்டும்.

ஷாக்கைப் பற்றி நீங்கள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, பெயரை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். பேசவே பயமாக இருக்கிறது என்று புரிகிறது. சினிமாவில் கையைக் காலைக் கட்டி வைத்துக் காட்டினார்களே, அது வேறு. 2017 மனநலச் சட்டப்படி மயக்கமும் தசை தளர்த்தும் ஊசியும் இல்லாமல் மின்னதிர்வு சிகிச்சை தருவதற்கே தடை. பார்த்தால் கால் கட்டைவிரல் கொஞ்சம் துடிப்பது தெரியும், அவ்வளவுதான். இரண்டையும் நேருக்கு நேர் வைத்து அமெரிக்காவில் அமித் ஆனந்த் தலைமையில் ஒரு பெரிய ஆய்வு நடந்து 2023-ல் வெளிவந்தது. கெட்டமைனில் 55 சதவீதம் பேர் தேறினார்கள், ஷாக்கில் 41 சதவீதம். ஞாபக மறதியும் கெட்டமைனில் குறைவு. ஆனால் காதில் குரல் கேட்பது, விபரீத நம்பிக்கை போன்றவை இருந்தவர்களை அதில் சேர்க்கவில்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டிலிருந்து வந்து போனவர்கள். அதற்கு முந்தின வருடம் ஸ்வீடனில் மருத்துவமனையில் படுத்திருந்த 186 பேரை வைத்துச் செய்த ஆய்வில் முடிவு தலைகீழ்: ஷாக்கில் 63 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது, கெட்டமைனில் 46.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குத் தெரிவது இதுதான். உங்கள் தம்பி சாப்பிடுகிறார், சொன்னால் குளிக்கிறார், நாலு வார்த்தை பேசுகிறார் என்றால் கெட்டமைனை முதலில் பார்ப்பது நியாயம். சாப்பாட்டையே நிறுத்திவிட்டார், தன்னைப் பற்றி யாரோ பேசுவதாகக் குரல் கேட்கிறது, தான் பாவி, தண்டனை வரப்போகிறது என்றெல்லாம் அடித்துச் சொல்கிறார் என்றால் தாமதிக்காமல் ஷாக். அந்த நிலையில் அதைப் போல உயிர் காப்பாற்றுகிற வைத்தியம் எங்களிடம் வேறு இல்லை. அங்கே கெட்டமைன் தவறான தேர்வும்கூட. குரல் கேட்கிறவர்களுக்கு அது இன்னும் குழப்பத்தைக் கூட்டலாம்.

இனி உங்கள் தம்பிக்கென்றே உள்ள இரண்டு விஷயம். கெட்டமைன் ஏறும்போது ரத்த அழுத்தம் கொஞ்ச நேரம் கூடும். அதனால் பி.பி. முதலில் கட்டுக்குள் வந்திருக்க வேண்டும், ஒரு இ.சி.ஜி. எடுத்துக்கொள்ள வேண்டும். அன்று காலை பி.பி. மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். இரண்டாவது, பழைய குடிப்பழக்கம். பத்து வருடம் நிறுத்தியிருப்பது பெரிய விஷயம், அதனால் மட்டும் இந்த வைத்தியம் கூடாது என்று ஆகிவிடாது. ஆனால் அதை டாக்டரிடம் சொல்லாமல் மறைக்கக்கூடாது. கௌரவம் பார்த்து மனைவியோ அம்மாவோ மழுப்பிவிடுவது நம் வீடுகளில் சகஜம். ஒருதடவை பழகிய மூளைக்கு அடுத்த பழக்கம் சுலபம். இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று தள்ளிப்போக வேண்டிய சிகிச்சையை, 'இன்னும் கொஞ்சம் சீக்கிரம் போட்டால் என்ன' என்று அவரே நெருக்க ஆரம்பித்தால் அதை அபாயமாக எடுத்துக்கொள்ள வேண்டும். மருத்துவமனையில், இந்தக் குறைந்த அளவில், எண்ணி ஏற்றுகிறபோது அடிமையாகிறவர்கள் குறைவு. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், அடிக்கடி போவது என்று ஏதாவது வந்தால் உடனே சொல்லச் சொல்லுங்கள்.

அமெரிக்காவிலிருந்து மாத்திரை வேண்டவே வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. போதைப்பொருள் சட்டத்தில் இருக்கிற ஒன்றைத் தபாலில் வரவழைப்பது குற்றம். அதைவிடப் பெரிய பயம், வீட்டில் தனியாகச் சாப்பிட்டு பி.பி. ஏறினாலோ மயங்கினாலோ பார்க்க ஆள் இல்லை என்பது. அங்கேயே 2023 அக்டோபரில் அரசு மருந்து நிர்வாகம் இதைக் குறிப்பிட்டு எச்சரித்தது. அதே மாதம் 28-ஆம் தேதி நடிகர் மேத்யூ பெர்ரி தன் வீட்டு வெந்நீர்த் தொட்டியில் இறந்து கிடந்தார். ரத்தத்தில் இருந்தது முழு மயக்கத்துக்குப் போடுகிற அளவுக்கான கெட்டமைன். அவர் டிப்ரஷனுக்காக முறையான இடத்திலும் இதே மருந்தை எடுத்துவந்தவர். ஆனால் உயிரைப் பறித்தது வெளியிலிருந்து வாங்கி வீட்டில் போட்டுக்கொண்டது. வழக்கில் சிக்கிய ஐந்து பேரில் இரண்டு பேர் டாக்டர்கள். ஒரு டாக்டராக இதை எழுதவே எனக்கு வேதனையாக இருக்கிறது. உங்கள் சித்தப்பா மகன் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், அன்பாக மறுத்துவிடுங்கள்.

எங்கே போடுகிறார்கள் என்பதும் முக்கியம். என்னிடம் வந்த ஒருவர், வேறொரு ஊரில் பன்னிரண்டு தடவை ஏற்றிக்கொண்டு வந்தார். பி.பி. பார்த்த குறிப்பு ஒன்றுகூட இல்லை. சாப்பிட்டுவந்த மாத்திரையையும் யாரும் மாற்றிப் பார்க்கவில்லை, பேசியும் பார்க்கவில்லை. பணம் தீர்ந்ததும் வைத்தியமும் நின்றுவிட்டது. அப்படி இல்லாமல், ஆக்சிஜனும் மானிட்டரும் இருக்கிற அறையா, மயக்க மருந்து டாக்டரோ அதில் பயிற்சி பெற்றவரோ பக்கத்தில் இருப்பாரா, எத்தனை தடவை போட்டுப் பார்த்துவிட்டு நிறுத்துவதா தொடர்வதா என்று முடிவெடுப்பார், நடுவில் எந்த மாத்திரை தொடரும், பேச்சு சிகிச்சைக்கு யார் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப்போய்க் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார்.

அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உங்கள் மகன் சொல்வது இருக்கிறது, அமெரிக்காக்காரர் சொல்வது இருக்கிறது, மனைவியின் பயம் இருக்கிறது. உங்கள் தம்பி என்ன சொல்கிறார் என்பது எங்குமே இல்லை. 'நாங்கள் என்ன முடிவெடுப்பது' என்று முடித்திருக்கிறீர்கள். முடிவு அவருடையது. சட்டமும் அதைத்தான் சொல்கிறது. சட்டத்தை விடுங்கள், மூன்று வருடமாக எல்லாரும் தன்னைப் பற்றி அடுத்த அறையில் பேசுவதைக் கேட்டுக்கொண்டே படுத்திருக்கிறவருக்கு, 'உனக்கு என்னப்பா தோணுது?' என்று யாராவது கேட்டால் அதுவே எவ்வளவு பெரிய விஷயம். பதில் வர நேரமாகும். 'எதுவும் வேண்டாம்' என்றுதான் முதலில் வரும். மறுநாளும் கேளுங்கள். இது என்ன மருந்து, முதல் பத்து நிமிஷம் எப்படி இருக்கும், எத்தனை நாள் நீடிக்கும் என்று நான் இந்தப் பதிலில் எழுதியதை அவரிடமே வாசித்துக் காட்டுங்கள். சின்ன வயதில் அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

அவர் சரி என்றால், அந்த நாள் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன், வீட்டில் பயம் குறையும். எத்தனை மணி நேரம் வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள். தொளதொளவென்று ஒரு சட்டை போட்டு வரட்டும். கையில் ஊசி குத்தி, சிரிஞ்ச் பம்பில் 40 நிமிஷம் ஏற்றுவார்கள். விளக்கைக் குறைத்திருப்பார்கள். பத்து நிமிஷத்தில் உதடு மரத்துப்போவது, உடம்பு எடையில்லாமல் போவது, சத்தம் தூரத்திலிருந்து கேட்பது எல்லாம் இருக்கும். போன வருடம் எங்களிடம் ஏற்றிக்கொண்ட ஒரு அம்மா, 'என் கை வாசல் வரைக்கும் போயிடுச்சு, சிஸ்டர், யாராவது மிதிச்சிடப் போறாங்க' என்றார். சிஸ்டர் அந்தக் கையைப் பிடித்து, 'இங்கேதாம்மா இருக்கு' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சிலருக்கு பயம் வரும், சிலருக்குக் குமட்டும். பம்ப் நின்று ஒரு மணி நேரத்தில் எல்லாம் வடிந்துவிடும். மனைவி கூடவே இருக்க விட்டால் இருக்கட்டும், பேச்சுக் கொடுக்க வேண்டாம், கையைப் பிடித்துக்கொண்டால் போதும்.

அன்று முழுக்க அவர் வண்டி ஓட்டக்கூடாது, பத்திரம் எதிலும் கையெழுத்துப் போடக்கூடாது. வீட்டுக்குக் காரிலோ ஆட்டோவிலோ கூட்டிப் போங்கள். பைக்கில் பின்னால்கூட உட்கார வைக்காதீர்கள். சாயங்காலம் ரசம் சாதம் மாதிரி லேசாக ஏதாவது கொடுங்கள். மறுநாள் காலை 'எப்படி இருக்கு, எப்படி இருக்கு' என்று எல்லாரும் சூழ்ந்துகொண்டு கேட்க வேண்டாம். எப்போதும் போல ஒரு காபி போட்டு வையுங்கள். அவர் தானாக எழுந்து வந்து குடிக்கிறாரா என்று மட்டும் கவனித்து, டாக்டரிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மனநல மருத்துவர்